பொருளாதார மந்தமும் வேலையில்லாதார் நிவாரணமும்
அமெரிக்க சர்க்கார் இலாகாக்கள் 1933-ல் செய்த ஏற்பாடும் அதன் படிப்பினைகளும்

விளைபொருள்களின் விலை வீழ்ந்து, ஆலைகள் மூடுண்டு, உழைக்கத் திறமும் மனமும் உடையவர்கள் வேலையின்றி நிற்கும் காலங்களில் ராஜாங்கம் செய்யத் தக்கது யாது என்னும் வினா பல தேசங்களிலும் எழுந்திருக்கின்றது. தானியமாகவோ பணமாகவோ உதவி அளித்தால் பசி தணியும். ஆனால் கொடுத்த பொருளுக்கு ஈடாக நாட்டில் ஒன்றும் நிலைத்திராது. வேலை கொடுத்தாலோ, அவ்வேலையைத் தெரிந்தெடுப்பவர் யார், ஆட்களைச் சேர்ப்பவர் யார், அவர்களுக்கு உணவும் உறைவிடமும் தருபவர் யார், முடிந்த வேலையைப் பின்னர்க் காப்பவர் யார் என்னும் கேள்விகள் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றிற்கு விடை காணாமல் தொடங்கிய நிவாரண வேலைகள் பாதி வெட்டிய வாய்க்காலாகவும் முதல் மழையில் கரைந்த சாலையாகவும் முடிவதை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் நன்கு அறிவர்.

1933-ம் ஆண்டு முதல் 1942-ம் ஆண்டு வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெற்ற ஓர் ஏற்பாட்டை இக்கட்டுரையில் ஆராய்வோம். அதில் நான்கு இலாகாக்கள் ஒரே காரியத்தைப் பங்கிட்டுக்கொண்டு நடத்தின. அதன் பயனில் பெரும்பகுதி காட்டிற்கும் மண்ணிற்கும் சேர்ந்தமையால், விவசாயிகள் அறிந்துகொள்ளத் தக்க விஷயங்கள் அதில் பல உள்ளன.

மந்தத்தின் தன்மை

1929-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நியூயார்க் பங்கு மார்க்கெட் வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து பாங்குகள் முறிந்தன; ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன; கூலியாட்கள் விலக்கப்பட்டனர். 1933-ம் ஆண்டில் அந்நாட்டு உழைப்பாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர், அதாவது சுமார் ஒரு கோடியே இருபது லட்சத்திற்கு மேற்பட்டவர்கள், வேலையின்றி இருந்தனர்.

குடியானவர்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கதாயிற்று. 1929-ல் ஒரு புஷல், அதாவது சுமார் 27 கிலோ, கோதுமை ஏறக்குறைய ஒரு டாலருக்கு விலை போயிற்று. 1932-ல் அது 40 சென்டுக்கும் கீழே இறங்கிற்று. பருத்தி ராத்தல் ஒன்றுக்குப் பதினாறு சென்டுக்கு மேல் விற்றது, ஆறு ஏழு சென்டுக்கு வந்தது. அறுவடைக் கூலிக்கும் வண்டிச் சத்தத்துக்கும் விலை கட்டாத இடங்களில் விளைவு வயலிலேயே விடப்பட்டது. ஐயோவா மாகாணத்தில் மக்காச்சோளம் நிலக்கரியினும் மலிவாயிருந்தபடியால் அதனை அடுப்பெரிக்கவும் உபயோகித்தனர். பண்ணைகளின் நிகர வருமானம் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. கடன் தவணையும் வரியும் மட்டும் சுருங்கவில்லை.

இவ்விரண்டு துன்பங்களோடு மூன்றாவதொன்றும் கூடியிருந்தது. ஐரோப்பிய யுத்த காலத்தில் கோதுமைக்கு நல்ல விலை கிடைத்ததனால் புல்வெளிகள் பலவும் உழுது திருப்பப்பட்டிருந்தன. மலைச்சரிவுகளில் மேலிருந்து கீழாக உழும் வழக்கமும் பரவியிருந்தது. மரங்கள் வெட்டப்பட்டபின் காடுகள் மறுபடி நடப்படவில்லை. ஆகவே மழை பெய்த இடங்களில் மேல்மண் ஆற்றோடு போயிற்று. மழை பொய்த்த இடங்களில் காற்றோடு போயிற்று. ஒருபுறம் வேலையில்லாத இளைஞர், மறுபுறம் வேலை செய்ய ஆளில்லாமல் பாழாகும் நிலம்; இவ்விரண்டையும் சேர்த்து வைப்பதே அக்காலத்து ராஜாங்கத்தின் யோசனையாயிற்று.

நான்கு இலாகாக்களின் பொறுப்பு

ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 4-ம் தேதி பதவி ஏற்றார். மார்ச் 21-ம் தேதி காங்கிரஸ் சபைக்கு இந்த யோசனையை அனுப்பினார். மார்ச் 31-ம் தேதி சட்டம் கையொப்பமாயிற்று. ஏப்ரல் 5-ம் தேதி நிர்வாக உத்தரவு பிறந்தது. ஏப்ரல் 7-ம் தேதி முதல் இளைஞர் சேர்க்கப்பட்டார். ஏப்ரல் 17-ம் தேதி வர்ஜினியா மாகாணத்துக் காடொன்றில் முதல் முகாம் திறக்கப்பட்டது. இவ்வேற்பாட்டிற்கு ஸிவிலியன் கன்ஸர்வேஷன் கோர் என்று பெயர். வளப் பாதுகாப்புப் படை என்று நாம் சொல்லலாம்.

இவ்வளவு விரைவு எவ்வாறு கைகூடிற்று என்பதே ஆராயத் தக்கது. புதிதாக ஒரு பெரிய இலாகாவை உண்டாக்கி, அதற்கு உத்தியோகஸ்தர்களைத் தேடி, கச்சேரிகள் கட்டி, அதன் பின்னரே வேலையைத் தொடங்குவது என்று அவர்கள் எண்ணவில்லை. ஏற்கெனவே இருந்த இலாகாக்களுள் எது எதனைச் செய்ய வல்லதோ அதனிடம் அதனை ஒப்புவித்தனர். தலைமையில் ஒரு டைரக்டரும் அவருடன் சிறு அலுவலகமுமே வைக்கப்பட்டன. யந்திரத் தொழிலாளர் சங்கத்தின் உபதலைவராயிருந்த ராபர்ட் பெச்னர் டைரக்டராக நியமிக்கப்பட்டார். நான்கு இலாகாக்களின் பிரதிநிதிகள் அடங்கிய ஆலோசனைச் சபை ஒன்று அவருக்குத் துணையாயிருந்தது.

தொழிலாளர் இலாகா ஆட்களைத் தெரிந்தெடுத்தது. ஒவ்வொரு மாகாணத்திற்கும் ஜனத்தொகைக்குத் தக்கபடி எண்ணிக்கை குறிக்கப்பட்டது. தெரிந்தெடுக்கும் வேலையை மாகாண நிவாரண அலுவலகங்களும் அவற்றின் கீழுள்ள உள்ளூர் அலுவலகங்களும் செய்தன. எக்குடும்பம் உண்மையில் வறுமைப்பட்டது என்பது அவர்களுக்கே தெரியும். முதலில் பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள, மணமாகாத, வேலையற்ற இளைஞரே சேர்க்கப்பட்டனர். பின்னர் வயது வரம்பு சிலமுறை மாற்றப்பட்டது. ஒருமுறை சேர்ந்தால் ஆறு மாதம். விரும்பினால் மேலும் நீட்டிக்கலாம்.

யுத்த இலாகா, அதாவது சேனை, சேர்ந்தவர்களுக்கு வைத்திய பரிசோதனை செய்து, உடை கொடுத்து, ரயிலேற்றி, முகாம் அமைத்து, உணவளித்து, சம்பளம் பட்டுவாடா செய்தது. லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே சமயத்தில் கூடாரமும் கம்பளமும் சமையற்பாத்திரமும் தரத்தக்க இலாகா வேறொன்றும் அந்நாட்டில் இருக்கவில்லை. ஆயினும் முகாம்களில் ஆயுதப் பயிற்சி அளிக்கப்படவில்லை. சேர்ந்தவர்கள் சிப்பாய்களாகக் கருதப்படவும் இல்லை.

விவசாய இலாகாவும் உள்நாட்டு இலாகாவும் வேலையைக் குறிப்பிட்டு, திட்டமிட்டு, மேற்பார்வை செய்தன. விவசாய இலாகாவின் கீழுள்ள வனத்துறைக்குத் தேசியக் காடுகள் உரியவை. உள்நாட்டு இலாகாவுக்குப் பொது நிலங்களும் தேசியப் பூங்காக்களும் பழங்குடி மக்களின் ஒதுக்கு நிலங்களும் உரியவை. எந்த மலையில் எந்த மரம் நடுவது, எங்கே தீத் தடுப்புப் பாதை வெட்டுவது, எந்த ஓடைக்கு எவ்வளவு உயரத்தில் தடுப்பணை கட்டுவது என்பவற்றை இவ்விலாகாக்களின் நிபுணரே தீர்மானித்தனர்.

இவ்வாறு வேலை நேரத்தில் இளைஞன் வனத்துறை மேஸ்திரியின் கீழும், மற்ற நேரத்தில் சேனை அதிகாரியின் கீழும் இருந்தான். ஒரு மனிதனுக்கு இரண்டு மேலதிகாரிகள் என்பது பிணக்குக்கு இடமளிப்பதாகத் தோன்றும். சிற்சில இடங்களில் பிணக்கும் உண்டாயிற்று. ஆனால் ஒவ்வொருவர் பொறுப்பும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று எழுத்தில் தெளிவாக இருந்தபடியால் வேலை தடைப்படவில்லை.

தொடக்கத்தில் செய்த திருத்தம்

முதலில் செய்த திட்டம் அப்படியே நடந்தேறியதென்று எண்ணலாகாது. சேனை சுமார் இரண்டு வாரங்கள் மட்டும் இளைஞர்களை வைத்திருந்து உடலைத் தேற்றி, பின்னர் வனத்துறையிடம் ஒப்புவிக்கவேண்டும் என்றும், முகாம்களை வனத்துறையே நடத்தவேண்டும் என்றும் முதலில் கருதப்பட்டது. மரமும் மலையும் அறிந்த வனத்துறைக்கு இத்தனை பேருக்குச் சமையலும் சுகாதாரமும் சம்பளக் கணக்கும் நடத்த ஆளும் இல்லை, அனுபவமும் இல்லை. இதனை அத்துறையினர் மறைக்காமல் தெரிவித்தனர். ஏப்ரல் மாதத்திலேயே திட்டம் மாற்றப்பட்டு, முகாம் நிர்வாகம் முழுவதும் சேனையிடம் விடப்பட்டது. தன்னால் இயலாததை இயலாது என்று ஓர் இலாகா தக்க காலத்தில் சொல்லியதும், மேலிடத்தார் அதனைக் குற்றமாகக் கொள்ளாமல் ஏற்றுக்கொண்டதும் இந்த ஏற்பாடு பிழைத்ததற்கு முக்கிய காரணங்கள்.

ஜூலை மாதத் தொடக்கத்திற்குள் சுமார் 2,75,000 பேர் ஏறக்குறைய 1,300 முகாம்களில் இருந்தனர். 1935-ம் ஆண்டு பிற்பகுதியில் இத்தொகை ஐந்து லட்சத்தை எட்டிற்று. முகாம்களும் 2,600-க்கு மேற்பட்டன.

இரண்டாவது திருத்தமும் கவனிக்கத் தக்கது. வெளியூர் இளைஞர் இருநூறு பேர் ஓரிடத்தில் வந்து இறங்கியபோது, அவ்விடத்திலேயே வேலையின்றியிருந்த மரம் வெட்டிகளும் கூலியாட்களும் வருந்தினர். எங்கள் காட்டில் பிறர் வேலை செய்ய நாங்கள் பார்த்திருப்பதோ என்று அவர்கள் கேட்டது நியாயமே. ஆகவே அனுபவமுள்ள உள்ளூர் ஆட்கள் சுமார் 25,000 பேரைச் சேர்க்க அனுமதி அளிக்கப்பட்டது. நகரத்து இளைஞனுக்குக் கோடரி பிடிக்கவும், மரம் சாயும் திசை அறியவும், நாற்றின் வேர் மடங்காமல் நடவும் கற்றுக்கொடுத்தவர்கள் இவர்களே. ஊராரின் மனக்குறையும் தீர்ந்தது, வேலையும் சீர்ப்பட்டது.

சம்பளமும் முகாம் வாழ்க்கையும்

மாதச் சம்பளம் 30 டாலர். இதில் பெரும்பாலும் 25 டாலர் நேரே இளைஞனுடைய குடும்பத்திற்கு அனுப்பப்பட்டது. ஐந்து டாலர் மட்டும் அவன் கைச்செலவுக்குக் கொடுக்கப்பட்டது. உணவு, உடை, உறைவிடம், வைத்தியம் ஆகியவை சர்க்கார் செலவு. ஆகவே ஓர் இளைஞனுக்குக் கொடுத்த வேலை ஒரு குடும்பத்தின் வாடகைக்கும் ரொட்டிக்கும் உதவிற்று. அக்குடும்பம் நிவாரணப் பட்டியலில் இருந்து நீங்கவோ, பெறும் உதவி குறையவோ இடமாயிற்று. அன்றியும் முகாமுக்கு வேண்டிய பால், காய்கறி, மாமிசம் முதலியவற்றை இயன்றவரை அருகிலுள்ள ஊர்களிலேயே வாங்கினர். முதலில் முகாம் வேண்டாமென்று தயங்கிய ஊர்களுள் பல, பின்னர் முகாமை எடுக்கவேண்டாமென்று மனுச் செய்தன. 1936-ல் செலவைச் சுருக்க முகாம்களைக் குறைக்க ஜனாதிபதி முயன்றபோது காங்கிரஸ் அங்கத்தினரே அதனை எதிர்த்தனர்.

முகாமில் சுமார் 200 பேர் இருந்தனர். வாரத்திற்கு நாற்பது மணி நேரம் வேலை. மாலையில் விரும்பியவர்களுக்கு வகுப்புகள் நடந்தன. கல்வி அலுவலகம் இதற்கென ஆலோசகர்களை நியமித்தது. எழுதப் படிக்கத் தெரியாமல் வந்தவர்களுள் 40,000-க்கு மேற்பட்டவர்கள் எழுத்தறிவு பெற்றுச் சென்றனர். மற்றவர்கள் யந்திர வேலை, தச்சு வேலை, சர்வே முதலியன கற்றனர். பசியால் மெலிந்து வந்தவர்கள் சில மாதங்களில் எடை கூடினர் என்பதையும் வைத்தியக் குறிப்புகள் காட்டின.

மண்ணைக் காக்கும் வேலை

இனி விவசாயிகளுக்கு மிகவும் நெருங்கிய பகுதிக்கு வருவோம். மண்ணரிப்பைப்பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தவர் ஹ்யூ ஹாமண்ட் பென்னட் என்னும் மண்ணியல் நிபுணர். மண்ணரிப்பு தேசத்திற்கே ஆபத்து என்று 1928-ல் அவர் விவசாய இலாகா வெளியீடு ஒன்றில் எழுதினார். அப்போது அதனைச் செவிமடுத்தவர் சிலரே. 1933-ல் வேலையில்லாதார் நிவாரணத்திற்கென ஒதுக்கிய பொது வேலை நிதியிலிருந்து ஐம்பது லட்சம் டாலர் மண்ணரிப்புத் தடுப்புக்கு அளிக்கப்பட்டது. உள்நாட்டு இலாகாவின் கீழ் மண்ணரிப்புத் துறை ஒன்று அமைந்து, பென்னட் அதன் தலைவரானார். பல ஆண்டுகள் நிபுணர் கூறியும் கிடைக்காத பணம், கூலி கொடுக்கவேண்டும் என்ற அவசரத்தினால் கிடைத்தது.

அத்துறை நாட்டின் பல பாகங்களிலும் ஒவ்வொரு நீர்ப்பிடிப்புப் பிரதேசத்தைத் தெரிந்துகொண்டு மாதிரி வேலை தொடங்கிற்று. அவற்றுள் முதலாவது விஸ்கான்ஸின் மாகாணத்திலுள்ள கூன் கிரீக் என்னும் ஓடைப் பள்ளத்தாக்கு. அங்கே சரிவான நிலங்களில் சதுரச் சதுரமாக வயல்களை வகுத்து மேலும் கீழுமாக உழுதனர். செங்குத்தான காட்டுப் பகுதிகளில் மாடுகளை மேய்த்தனர். ஆகவே ஒவ்வொரு பெருமழைக்கும் சரிவில் நீர்ச்சால்கள் ஆழமாயின. பள்ளத்தாக்கின் நல்ல வயல்களை வண்டல் மூடிற்று. ஓடை கரை மீறிற்று.

நிலமோ தனிப்பட்டவர்களுக்குச் சொந்தம். பாதுகாப்புப் படைச் சட்டம் பொது நிலங்களையே முக்கியமாகக் கருதியது. காட்டுத்தீ, மரப்பூச்சி, வெள்ளம் முதலியவற்றைத் தடுக்கும் அளவிலேயே தனியார் நிலத்தில் வேலை செய்ய இடம் தந்தது. சர்க்கார் பணத்தால் ஒருவருடைய சொந்த நிலத்தைச் சீர்ப்படுத்துவது எவ்வாறு முறையாகும் என்னும் ஆட்சேபத்திற்கு ஒப்பந்தத்தினால் விடை கண்டனர். ஒவ்வொரு விவசாயியோடும் ஐந்து வருஷ உடன்படிக்கை செய்துகொண்டனர். சர்க்கார் தரப்பில் விதை, உரம், சுண்ணாம்பு, வேலிக்கம்பி ஆகியவற்றோடு முகாம் இளைஞரின் உழைப்பும் கிடைக்கும். விவசாயி தன் தரப்பில் செங்குத்தான சரிவை உழாமலும் மேய்க்காமலும் விடவேண்டும். மற்றச் சரிவுகளில் சமமட்டக் கோட்டை ஒட்டி உழவேண்டும். மக்காச்சோளம், ஓட்ஸ், குதிரைமசால் ஆகியவற்றை மாறி மாறிப் பட்டைகளாகப் பயிரிடவேண்டும்.

பட்டைப் பயிரின் பயன் எளிதில் விளங்கும். மக்காச்சோளப் பட்டையில் நிலம் திறந்திருப்பதால் மழைநீர் மண்ணோடு இறங்கும். அடுத்த பட்டையில் அடர்ந்த குதிரைமசால் இருப்பதால் நீரின் வேகம் அடங்கி மண் அங்கேயே தங்கிவிடும். முகாம் இளைஞர் நீர்ச்சால்களின் குறுக்கே தடுப்பணை கட்டினர், வரப்புகள் போட்டனர், வேலிகளை மாற்றி நட்டனர், சுண்ணாம்புக் கல் உடைத்தனர், சரிவுகளில் மரம் நட்டனர். விவசாயியிடம் வேலையாளும் பணமும் இல்லாத காலத்தில் அவன் தனியே செய்ய முடியாத வேலைகள் இவை.

அயலான் நிலத்தில் பட்டைப் பயிர் நின்றதையும், தன் நிலத்து மண் ஓடியதையும் ஒரே மழையில் கண்ட விவசாயிகள் பலர் தாமாகவே வந்து ஒப்பந்தம் செய்தனர். அப்பள்ளத்தாக்கில் மண்ணரிப்பு வெகுவாகக் குறைந்ததைப் பிற்காலத்தில் நடந்த ஆராய்ச்சிகளும் உறுதிப்படுத்தின.

1935-ம் ஆண்டு வசந்த காலத்தில் மேற்குச் சமவெளிகளிலிருந்து எழுந்த புழுதிப் புயல்கள் தலைநகர் வரை எட்டின. ஏப்ரல் 14-ம் தேதி வீசிய புயலின்போது பகல் இருளாயிற்று. அம்மாதம் 27-ம் தேதி காங்கிரஸ் மண் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றி, அத்துறையை விவசாய இலாகாவின் கீழ் நிரந்தரமாக அமைத்தது. தற்காலிக நிவாரணமாகத் தொடங்கியது நிலையான விவசாயத் தொண்டாயிற்று. படையின் முகாம்களுள் 450-க்கு மேற்பட்டவை ஒரு காலத்தில் இத்துறையின் வேலைக்கென விடப்பட்டிருந்தன. முகாம்கள் என்றும் இரா என்று அறிந்தமையால், 1937-ல் ஜனாதிபதி மாகாண கவர்னர்களுக்கு ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். அதன்படி விவசாயிகளே ஒன்றுகூடி மண் பாதுகாப்பு வட்டங்களை அமைத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு ஆகஸ்டில் வடகரோலினா மாகாணத்தில் முதல் வட்டம் அமைந்தது.

சமவெளிப் பிரதேசங்களில் வனத்துறை 1935 முதல் காற்றுத் தடுப்பு மரவரிசைகளை நடுவித்தது. 1942-க்குள் வடக்கே டகோட்டா முதல் தெற்கே டெக்ஸாஸ் வரை இருபது கோடிக்கு மேற்பட்ட மரங்கள் நடப்பட்டன. வரிசைகளின் நீளம் மொத்தம் சுமார் 18,600 மைல். நிலம் கொடுத்தவனும் பின்னர் மரத்தைக் காத்தவனும் விவசாயி; கன்றும் நடும் கூலியும் சர்க்காருடையவை.

விரைவும் நிதானமும்

அதே காலத்தில் வேறு நிவாரண ஏற்பாடுகளும் நடந்தன. அவற்றின் வேறுபாட்டையும் காண்பது நலம். உள்நாட்டு இலாகா மந்திரி ஹரால்ட் இக்கிஸ் பொது வேலை நிர்வாகத்தை நடத்தினார். 330 கோடி டாலர் அதற்கு ஒதுக்கப்பட்டது. அணைகள், பாலங்கள், பள்ளிக்கூடங்கள் என நிலையான வேலைகளையே அவர் தெரிந்துகொண்டார். ஒவ்வொரு மதிப்பீட்டையும் கண்டிப்பாகப் பரிசீலித்தார். பணம் வீணாகவில்லை, ஆனால் வேலை தொடங்க மாதங்கள் கழிந்தன. ஹாரி ஹாப்கின்ஸ் என்பவர் 1933 நவம்பரில் தொடங்கிய குடிமை வேலை நிர்வாகமோ சில வாரங்களிலேயே நாற்பது லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. குளிர்காலத்தில் பட்டினி தவிர்ந்தது. எனினும் அவசரத்தில் தெரிந்தெடுத்த வேலைகளுள் சில பயனற்றவை என்று குறை கூறப்பட்டது. செலவும் மிகுந்தபடியால் 1934 மார்ச்சில் அது முடிக்கப்பட்டது.

பசித்தவன் மதிப்பீடு முடியும் வரை காத்திரான். அவசரத்தில் போட்ட சாலையோ நெடுநாள் நில்லாது. வனத்துறையும் தேசியப் பூங்காத் துறையும் செய்யவேண்டிய வேலைகளைப் பஞ்சம் வருமுன்னரே அறிந்து குறித்து வைத்திருந்தன. ஆதலால் பாதுகாப்புப் படைக்கு விரைவும் நிதானமும் ஒருங்கே கிடைத்தன.

நிலமுடையோரின் ஆட்சேபம்

நிவாரண வேலையினால் பண்ணையாட்கள் கிடைக்காமற் போவர் என்னும் ஆட்சேபம் அங்கும் பலமாக எழுந்தது. குடிமை வேலை நிர்வாகம் தென் மாகாணங்களில் சாதாரணக் கூலியை மணிக்கு 40 சென்ட் என்று விதித்தது. பருத்திப் பண்ணைகளில் அப்போது கிடைத்த கூலி இதற்கு வெகு தூரம் கீழே இருந்தது. ஜார்ஜியா மாகாண கவர்னர் டால்மாட்ஜ் முதலானோர் வன்மையாகக் கண்டித்தனர். பின்னர்க் கூலி விகிதங்கள் குறைக்கப்பட்டன. 1935-ல் ஏற்பட்ட வேலை முன்னேற்ற நிர்வாகத்தில், அறுவடைக் காலங்களில் பல இடங்களில் நிவாரண வேலையை நிறுத்தி ஆட்களைப் பண்ணைகளுக்கு அனுப்பும் வழக்கமும் உண்டாயிற்று.

இதில் இரு திறத்திலும் நியாயம் உண்டு. பஞ்சு வெடித்து நிற்கும்போது ஆளில்லையேல் ஒரு வருஷத்து உழைப்பு நஷ்டமாகும். இதனை எந்த நிவாரண அதிகாரியும் மறக்கலாகாது. ஆனால் ஒரு நாட் கூலியால் ஒரு நாட் பசி தீராத நிலையில், வேறு வழியின்மையை நம்பி ஆட்களை வைத்துக்கொள்வது நிலமுடையோருக்கும் நெடுநாள் நன்மை தராது. அறுவடைக்கு அனுப்பப்பட்டவர்கள் குறைந்த கூலிக்கு இசைந்தேயாக வேண்டிய நிலை சில இடங்களில் ஏற்பட்டது. அது நிவாரணத்தின் நோக்கத்திற்கே மாறானது. பயிர்க் காலத்தை அனுசரித்து நிவாரண வேலையின் காலத்தை முன்கூட்டியே குறிப்பதே இவ்வழக்கிற்குச் சரியான தீர்வு.

குறைபாடுகள்

இவ்வேற்பாட்டின் குறைகளையும் சொல்லவேண்டும். பாதுகாப்புப் படையில் பெண்களுக்கு இடமில்லை. அவர்களுக்கென வேறாக நடந்த முகாம்களில் மொத்தம் சுமார் 8,500 பேரே சேர்ந்தனர். இனம், நிறம், சமயம் பற்றி வேற்றுமை காட்டலாகாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தும், தெற்கில் சில அலுவலகங்கள் கறுப்பு இளைஞரைச் சேர்க்கத் தயங்கின. 1935-க்குப்பின் அவர்களுக்குத் தனி முகாம்களே விதியாயிற்று. சட்டத்தின் வாசகம் மட்டும் நல்லதாயிருந்தால் போதாது, அதனை உள்ளூரில் நடத்துவோரின் மனமும் நேராக இருக்கவேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தொழில்நுட்பத்திலும் பிழை நேர்ந்தது. அரித்த சரிவுகளை மூடுவதற்காகக் கிழக்காசியாவிலிருந்து வந்த குட்ஸு என்னும் கொடியை மண் பாதுகாப்புத் துறை கோடிக்கணக்கில் வளர்த்துக் கொடுத்தது. மண்ணை அது பிடித்துக்கொண்டது மெய். பின்னர்த் தெற்கு மாகாணங்களில் மரங்களையும் வேலிகளையும் மூடிப் படரும் களையாகவும் மாறிற்று. விரைவில் வளர்வது என்ற ஒரு குணத்தையே பார்த்து அயல்நாட்டுச் செடியைப் பரப்புவோர் இதனை நினைவில் வைக்கவேண்டும்.

நிவாரண வேலைகள் மந்தத்தையே போக்கிவிட்டன என்றும் கொள்ளலாகாது. 1938-ல் வேலையின்மை மீண்டும் கூடிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின் தேவைகளே முடிவில் எல்லாருக்கும் வேலை தந்தன. ஆட்கள் சேனைக்கும் ஆலைக்கும் போகவே, 1942 ஜூன் மாத இறுதியோடு படைக்குப் பணம் ஒதுக்குவதைக் காங்கிரஸ் நிறுத்திற்று. ஒன்பது ஆண்டுகளில் ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் அதில் இருந்து சென்றனர். சுமார் முந்நூறு கோடி மரங்கள் நடப்பட்டன. எண்ணூறுக்கு மேற்பட்ட மாகாணப் பூங்காக்கள் அமைக்கப்பட்டன அல்லது சீர்ப்படுத்தப்பட்டன. தீக் காவற்கோபுரங்களும் காட்டுப்பாதைகளும் பாலங்களும் பல தலைமுறைக்குப் பயன் தந்தன.

கவனிக்கத் தக்க படிப்பினைகள்

மேற்கூறியவற்றிலிருந்து நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் மனத்திற் கொள்ளத் தக்கவற்றைச் சுருக்கிக் கூறுவோம்.

1. வேலைகளின் பட்டியல் நல்ல காலத்திலேயே தயாராக இருக்கவேண்டும். எந்த ஏரிக்கரை தாழ்ந்தது, எந்த வரத்துக்கால் தூர்ந்தது, எந்த மேட்டில் மரம் நடலாம் என்பதை அளவோடும் மதிப்போடும் எழுதி வைத்திருக்கும் ஊருக்கே துன்ப காலத்தில் வரும் பணம் நற்பயன் தரும்.

2. ஆட்களைத் தெரிந்தெடுப்பவர், வேலையை மேற்பார்வை செய்பவர், பணம் கொடுப்பவர் ஆகிய மூவரும் வெவ்வேறாக இருப்பது நன்று. ஒருவர் கணக்கை மற்றவர் கணக்கு சரிபார்க்கும். பொறுப்புகளின் எல்லை எழுத்தில் இருத்தல் வேண்டும்.

3. ஓர் இலாகா தனக்கு இயலாததை உடனே தெரிவிக்கவேண்டும். கௌரவத்தை எண்ணி மறைத்தால் கேடு ஆட்களுக்கே வந்து சேரும்.

4. உள்ளூரில் அனுபவமுள்ளவர்களை மேஸ்திரிகளாக வைத்துக்கொண்டால் வேலையும் செவ்வையாகும், ஊரின் மனமும் இணங்கும்.

5. தனியார் நிலத்தில் பொதுப் பணம் செலவாகுமாயின், நிலமுடையவர் அதற்கு ஈடாகச் செய்யவேண்டியது உடன்படிக்கையில் இருக்கவேண்டும். கட்டிய வரப்பையும் நட்ட மரத்தையும் காப்பது அவர் கடமை.

6. நிவாரண வேலையின் காலம் உழவு, நடவு, அறுவடைக் காலங்களுக்கு இடையூறின்றி அமையவேண்டும். கூலியோ உழைத்தவன் குடும்பம் உண்ணத் தக்கதாக இருக்கவேண்டும்.

7. முகாம் கலைந்தபின் வேலையைக் காக்கும் ஒரு சங்கமோ வட்டமோ அவ்வூரிலேயே முன்னதாக ஏற்படவேண்டும்.

கூன் கிரீக் பள்ளத்தாக்கில் ஒப்பந்தங்களின் ஐந்து வருஷமும் கழிந்தன, முகாம்களும் எடுக்கப்பட்டன. ஆயினும் சமமட்டத்தில் வளைந்து செல்லும் பட்டைப் பயிர் அங்கு நின்றுவிடவில்லை. சர்க்கார் சொன்னதற்காகத் தொடங்கியதைத் தம் நிலத்தின் நன்மையைக் கண்டு விவசாயிகள் தொடர்ந்து நடத்தினர். ஒரு நிவாரண வேலை வெற்றி பெற்றதா என்று அறிய இதனினும் தக்க அளவுகோல் இல்லை.